கைக்குள் விட்ட கயிறு

வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத அப்பா, இங்கே தனியாக எப்படித்தான் சமாளித்தார்? மொட்டைமாடியில் நின்று, மகள் அவருடைய நீலச் சட்டையின் ஒரு கைக்குள் கொடிக்கயிற்றை விட்டு மறு கை வழியே இழுக்கிறாள். அப்பா பல வருடம் வேலை பார்த்த துறைமுக ஊர் இது, அவளுக்குப் புதிது. அவர் இறந்துபோனபின் அறையைக் காலிசெய்ய இரண்டு நாள் துணியோடு வந்தவள், ஊரடங்கில் மாட்டிக்கொண்டு நாற்பது நாளாக அவர் சட்டைகளையே போட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் வாரம் கிளிப் மாட்டிக் காயப்போட்டதைக் காற்று அடுத்த மாடிக்குக் கொண்டுபோனபோது வீட்டுக்கார அக்கா சிரித்தாள்: “கயித்த கைக்குள்ள விடும்மா. உங்கப்பாவும் மூணு சட்டைய கடலுக்குக் குடுத்துட்டுதான் கத்துக்கிட்டாரு.” இப்போது சட்டை தோள் விரித்து உப்புகிறது. மாலை வெயில் அதன் வழியே நீலமாக அவள் முகத்தில் விழுகிறது. அவர் லீவில் வந்து பையைத் திறந்ததும் வீடெல்லாம் பரவுமே, அதே உப்பு வாசனை. அம்மா உடனே எல்லாவற்றையும் ஊறவைத்துவிடுவாள். இந்த அறையும் போய்விட்டால் அந்த வாசனைக்கு வேறு வீடு கிடையாது. அக்கா மூச்சு வாங்க மேலே வருகிறாள். மாஸ்க் தாடையில் தொங்குகிறது. “ஊருக்குப் போக பாஸ் கிடைச்சிடுச்சும்மா! உங்கண்ணன் அனுப்புன கார் வாசல்ல நிக்குது. ஈரமா இருந்தா என்ன, சுருட்டிக் குடு, மூட்டையில வச்சுடறேன்.” அவளோ கொடியிலிருக்கும் சட்டையின் சுருக்கத்தை நீவிவிடுகிறாள். “கார திருப்பி அனுப்பிடுங்கக்கா,” என்கிறாள் மெதுவாக. “அறை இப்போதைக்கு காலியாகல.”