ஆளில்லாத கோல்

ஒரு மாவட்டம் இரண்டாகப் பிரியும்போது வரலாறு எழுந்து நிற்கிறது.

தலைமையாசிரியர் மைக்கில் அப்படித்தான் ஆரம்பித்தார்.

வரலாறு நின்றதோ என்னவோ, மைக் நின்றுவிட்டது.

அவன் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலையில் வேன் எதுவும் இல்லை.

வரக் கூடாது.

அந்தத் தலைமையாசிரியரின் பள்ளியில் பி.டி. சார் அவன். பழைய மாவட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் அவன் பையன்கள் முதல் சுற்றிலேயே மில் பள்ளியிடம் போய் மாட்டுவார்கள். மில் பள்ளிக்குப் புல்தரை இருந்தது. பயிற்சியாளர் இருந்தார். பயிற்சியாளருக்குத் தண்ணீர் பாட்டில் தூக்க ஓர் ஆள் இருந்தார். இந்தப் பையன்களுக்கு அவன் இருந்தான். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அவனும் இல்லை.

இந்த ஆண்டு எல்லைக்கோடு நகர்ந்தது. மில் பள்ளி அந்தப் பக்கம் போயிற்று.

புதிய மாவட்டத்தில் மற்ற எல்லாப் பள்ளிகளும் கபடிக்குப் பெயர் கொடுத்திருந்தன. கால்பந்துக்கு இரண்டே அணிகள். முதல் சுற்றும் இன்றைக்குத்தான். இறுதிப் போட்டியும் இன்றைக்குத்தான்.

ஜெயித்தால் மாநிலப் போட்டி. பையன்கள் ரயிலில் போவார்கள். அவன் பெயருக்கு முன்னால் ‘பயிற்சியாளர்’ என்று அச்சாகும்.

மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. மாவட்டத்தின் முதல் சாம்பியன்களே வருக. அதில் தலைமையாசிரியர் பெரிதாக இருந்தார். பந்து சிறிதாக இருந்தது.

பேன்ட் பையில் போன் மறுபடியும் அதிர்ந்தது.

எதிரணியான வேப்பங்காட்டுப் பள்ளியின் அருளப்பன் சார். முதல் தடவை மட்டும் தெரியாமல் எடுத்துவிட்டான்.

“சார், ஸ்டேடியத்துல ஈ காக்கா இல்லையே. மேட்ச் இங்கதான?”

பழக்க தோஷம். பழைய மாவட்டத்து ஸ்டேடியத்துக்கே வேனை விட்டுவிட்டார்கள்.

“ஹலோ... ஹலோ... சார், சிக்னலே இல்ல சார்” என்றான்.

சிக்னல் முழுசாக இருந்தது.

அப்புறம் அவன் எடுக்கவில்லை. பொய் என்று பார்த்தால் ஒன்றுதான். அதையும் ஒரு தடவைதான் சொன்னான்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கபடி நடுவர். புதிய மாவட்டத்துக்குக் கால்பந்து நடுவர் இன்னும் அமையவில்லை. அதனால் விதிப்புத்தகத்தைக் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்தார். விசிலைக் கழுத்தில் மாட்டும் முன்பும் ஒரு முறை புரட்டிக்கொண்டார்.

எதிரணிக்காகக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். வராவிட்டால், ஆளில்லாத கோலில் ஒரு பந்தை அடித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. அடித்தால் விசில். விசில் ஊதினால் வெற்றி.

“சார், அவனுங்க வரலன்னா கப்பு நமக்குத்தான?” கேப்டன் ரூபன் கேட்டான்.

“வாய மூடுறா. ரோட்டயே பாத்துட்டு நிக்காத.”

சொல்லிவிட்டு அவன் ரோட்டைப் பார்த்தான்.

தூரத்தில் தூசி.

வெள்ளை வேன்.

வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. பையன்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வேன் மைதானத்து வாசலில் வேகம் குறைந்தது.

பால் வேன்.

டீக்கடையில் ஒரு கேனை இறக்கிவிட்டுப் போனது.

நடுவர் கையை உயர்த்தினார். நேரம் முடிந்தது.

தலைமையாசிரியர் மேடையிலிருந்து இறங்கி வேகமாக நடந்தார். கோல்கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டு சால்வையைச் சரிசெய்தார். போட்டோவில் பந்தும் அவரும் சேர்ந்து விழ வேண்டும்.

ரூபன் நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினான். எதிரே யாரும் இல்லை. பின்னால் மொத்த அணியும் ஓடியது. கோல்கீப்பரும் ஓடினான்.

கோலுக்கு முன்னால் வந்து ரூபன் நின்றான்.

இவ்வளவு பெரிய கோலை அவன் இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.

“அடிறா!” தலைமையாசிரியர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லுக்குள் சொன்னார்.

அடித்தான்.

பந்து கம்பத்துக்கு வெளியே போனது.



நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். பிறகு கையை நீட்டினார்.

கோல் கிக். எதிரணிக்கு.

“எதிரணிதான் இல்லையேய்யா!” தலைமையாசிரியரின் சால்வை நழுவியது.

“அவங்க ஒதைச்சாத்தான் சார் ஆட்டம் ஓடும். புக்ல அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“அதுவரைக்கும்?”

“நிக்க வேண்டியதுதான்.”

பந்தைக் கொண்டுவந்து கோல் முன்னால் வைத்தார்கள். அதைத் தொட உரிமையுள்ளவர் ஒருவரும் அங்கே இல்லை.

இப்போது எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள்.

அவன் மெல்ல ஃபிளெக்ஸுக்குப் பின்னால் போனான். போனை எடுத்தான். ஒரே மணியில் எடுத்துவிட்டார் அருளப்பன் சார்.

“சார், எங்க சார் போனீங்க? ஒங்க பசங்களுக்காகத்தான் நாங்க எல்லாரும் வெயில்ல நிக்கிறோம்.”

வழி சொன்னான். பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க், இடது பக்கம் திரும்பினால் டீக்கடை. ஒரு திருப்பத்தைக்கூட விடாமல் சொன்னான்.

திரும்பி வந்தபோது ரூபன் தரையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“சாரி சார்.”

திட்டத்தான் வாயைத் திறந்தான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்தப் பையன்கள் இதுவரை எந்தப் போட்டியிலும் ஒரு கோல்கூட அடித்ததில்லை.