மிச்சமிருந்த ஒரே கட்டை

“மெஷின் ரெடி, சரி. கட்டை எங்க மாப்ளே?”

மனைவியின் அண்ணன் இப்படிக் கேட்ட பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக் கொல்லையைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

கட்டை இல்லை.

விறகு இருந்தது. மதில் நெடுக, மார்பு உயரத்துக்கு, மூன்று வரிசை. எல்லாம் பிளந்து, காய்ந்து, தகரம் போட்டு மூடிய விறகு.

பதினோரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் செய்த விறகு பிளக்கும் இயந்திரம், பிளக்க ஒன்றுமில்லாமல் நடுவில் நின்றது.

போன குளிரில் விறகு பிளந்த மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இனிமேல் நீ குனியவே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார். பதினேழு படம்.

கழித்துப்போட்ட மண் அள்ளும் வண்டியிலிருந்து ஹைட்ராலிக் சிலிண்டர் வந்தது. தண்ணீர் இறைக்கிற பழைய இன்ஜின் வந்தது. ஆளை நசுக்குகிற கனத்தில் ஓர் இரும்பு உத்திரம் வந்தது. அதன் ஒரு முனையில் ஆப்பைப் பற்றவைத்தார். மறுமுனையிலிருந்து சிலிண்டர் கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் ஆப்பில் மோத வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

உத்திரத்தை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் ஒரு நாள் மனைவியை நேராக நிற்கச் சொல்லி, தரையிலிருந்து அவள் தொங்கவிட்ட கையின் விரல் நுனி வரை டேப் பிடித்தார். புதுத் துணி தைக்கத்தான் அளவெடுக்கிறார் என்று அவள் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.

அந்தப் பதினோரு மாதமும் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை. நடுவில் கோடரியைத் தொட்டிருக்கலாமே என்றால், கோடரியைத் தொட்டால் அப்புறம் மெஷின் எதற்கு என்று திருப்பிக் கேட்கிற ஆள்.

அண்ணன் வெள்ளைச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை, இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டே போவது என்ற முகம். இன்றைக்கு மெஷின் ஓடாவிட்டால் இனி எல்லா விசேஷத்திலும் இதுதான் பேச்சு.

மெக்கானிக்குக் காதெல்லாம் சுட்டது.

மனைவி டீ போட உள்ளே போயிருந்தாள். அவர் கொட்டகைக்குப் பின்னால் தேடினார். கிணற்றடியில் தேடினார். சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் பளிச்சென்று முகம் மலர்ந்தது.

ஒரு கட்டை! இரண்டு கை சேர்த்து அணைத்தாலும் அடங்காத உருட்டுக் கட்டை.

அதன் தலை முழுக்கக் கோடரி வெட்டுகள். குறுக்கும் நெடுக்குமாக நூற்றுக்கணக்கில்.

பாவம், இதை மட்டும் அவளால் பிளக்க முடியவில்லை என்று நினைத்தார். எத்தனை முறை முயன்று பார்த்திருக்கிறாள்! இதைப் பிளந்து காட்டுவதற்காகவே மெஷினைச் செய்ததாக அந்த நிமிடத்தில் அவருக்குத் தோன்றிவிட்டது.

கட்டை அசைய மறுத்தது. அடிப்பாகம் ஒரு சாண் மண்ணுக்குள் இருந்தது. கட்டை எதற்காக மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினார். அண்ணனும் முனகிக்கொண்டே ஒரு கை கொடுத்தார். உருட்டி, தள்ளி, நாக்குத் தள்ள உத்திரத்தின் மேல் ஏற்றினார்கள்.

இன்ஜின் கிளம்பியது. காது கிழிந்தது.

மனைவி டீத் தட்டோடு பின்கதவில் வந்து நின்றாள். மெஷினைப் பார்த்தாள். கதவோரத்துக் குழியைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்தினாள்.

பயப்படுகிறாள் என்று எண்ணி, அவர் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு நெம்புகோலை இழுத்தார்.

சிலிண்டர் நிதானமாக நகர்ந்தது. கட்டை முக்கியது, முனகியது, படாரென்று இரண்டாகப் பிளந்தது.

மெக்கானிக் துள்ளிக் குதித்தார். குதித்த குஷியில் நெம்புகோலை விடத்தான் மறந்துபோனார்.

கடைசி வரை நீண்டுவிட்ட சிலிண்டர் மேலே போக இடமில்லாமல் திணறியது. குழாய் வெடித்தது. பதினைந்து லிட்டர் எண்ணெயில் பாதி வானத்துக்கும் மீதி அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கும் போனது.

இன்ஜின் நின்றது.

மனைவி பிளந்து கிடந்த இரண்டு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதுமேல வச்சுத்தாங்க நான் இத்தனை நாளும் விறகு பிளந்தேன்.”

அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தார். எண்ணெய் உள்ளே போனது.

அவள் கோடரியை எடுத்து வந்தாள். எண்ணெய் வழிந்த உத்திரத்தைத் துணியால் துடைத்தாள். கோடரியின் முனை மழுங்காமலிருக்க உத்திரத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு பாதியை நிமிர்த்தி வைத்தாள்.

ஒரே போடு. பிளந்தது.

இன்னொரு பாதியையும் வைத்தாள். அதுவும் பிளந்தது.

கோடரியை ஊன்றிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை.

“குனியவே வேண்டாங்க. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு!”