தேயிலைப் பூ

கிரகரி தேயிலைப் பூ ஒன்றைப் பறித்து மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தான். எதிரே தோட்டத்து லய வீடுகளின் சனம் முழுக்க, கையில் கத்தியோடு கொதித்துப்போய் நின்றது.

"இங்க வயிறு காயுது, இவனுக்கு வாசம் கேக்குது!" என்று மணியம்மா கத்தினாள். "வெட்டுங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த நாளிலிருந்து அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. தேயிலையைத் தோண்டி எறிந்துவிட்டு எங்கே பார்த்தாலும் மரவள்ளி ஊன்றியாயிற்று. ஓடையோரத்து மலை ஒன்றுதான் பாக்கி. செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கிரகரியே அதில் கத்தி வைக்கவில்லை. செடிகள் கண்டபடி வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன.

தினமும் ஒரு கொத்துப் பூவை ஜப்பான் துரையின் மேசையில் வைத்து, அந்த மலையை வெட்டவிடாமல் காரியம் சாதித்துக்கொண்டிருந்தான். ஊர் பட்டினி கிடக்கும்போது ஒரு மனுஷன் செய்கிற வேலையா இது? கடைசியில் லயமே திரண்டு போய்த் துரையின் காலில் விழுந்தது. துரையும் வெட்டச் சொல்லிவிட்டான்.

துரையோடு வந்திருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் தொண்டையைச் செருமினார். "இன்னொரு விஷயம். மணியம்மா மகன் மாடசாமி லோரியில இருந்து குதிச்சு ஓடுனதுல சயாமுல ரயில் பாதை போடுற வேலைக்கு ஒரு ஆள் குறையுது. இன்னிக்கு யாராச்சும் ஏறியாகணும்."

மணியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஓடியவனைக் காட்டிலே சுட்டுப் போட்டுவிட்டதாகத்தான் பேச்சு.

அதற்குள் கிரகரியின் பெண்டாட்டி லூர்தம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். புருஷன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய வேகத்தில் கொண்டை அவிழ்ந்து, இரண்டு வெள்ளை இதழ்கள் அவள் தோளில் உதிர்ந்தன.

"இந்தப் பாழாப்போன மலைப் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுத்ததில்ல. எல்லார் முன்னாலயும் கேக்கறேன், சொல்லு. பூவா, பொண்டாட்டியா?"

கிரகரி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "பூதான்."

அவன் கிராணி பக்கம் திரும்பினான். "சயாமுக்கு நான் ஏறிக்கிறேன் ஐயா. இந்த மலைய மட்டும் வெட்டாம விடச் சொல்லுங்க."

கிராணி அதைத் துரைக்குச் சொன்னார். துரை பூக்களைப் பார்த்தான், கிரகரியைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். "யோஷி!"

"துரை ஒத்துக்கிட்டாரு. எல்லாரும் கத்தியக் கீழ போடுங்க" என்றார் கிராணி.

சனத்துக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?" "போய்த் தொல! திரும்பி வராத!" சயாமுக்குப் போனவன் எவனும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அது கிரகரிக்கும் தெரியும்.

லோரியில் கால் வைத்தவனை மணியம்மா இழுத்து நிறுத்தி, முகத்திலேயே காறித் துப்பினாள். "எம் புள்ளைய வாரிக்கிட்டுப் போனப்ப வாய் தெறக்காதவன், பூவுக்கு உசுரக் குடுக்கறானாம்!"

கிரகரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். லூர்தம்மாள் குனிந்து மண்ணை வாரி லோரியின் மேல் தூற்றினாள். "நாசமாப் போ!"

லோரி வளைவில் திரும்பிப் பனிமூட்டத்துக்குள் மறைந்தது. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே சனமும் கலைந்து போனது.

லூர்தம்மாள் மட்டும் நின்றாள். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்து பூத்த செடிகளுக்குள் நுழைந்து தவழ்ந்து போனாள். உள்ளே போன பிறகுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு, மடியிலிருந்த சுட்ட கிழங்கை எடுத்து நீட்டினாள்.

"அழாத மாடசாமி, உங்கம்மா தெரியாமத்தான் துப்புனா."