பதில் சொல்லாத கேள்வி

விமானம் மேலெழும்பியதுமே இடது எஞ்சினில் தீப்பிடித்தது. விமானி அறையில் ஆல்வின் மட்டும்தான் இருந்தான். துணை விமானி வெறும் கணினிக் குரல். அதற்கு இறந்துபோன மனைவி பெனிட்டாவின் குரலை அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

“கேப்டன் சார், இடது எஞ்சின்?”

“நிறுத்தியாச்சு.”

சரிபார்ப்புப் பட்டியலில் இருந்ததை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் செய்துவிட்டுப் பதில் சொன்னான். தீ அணைந்தது. திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார்கள்.

“வலது எஞ்சின்?”

“நிறுத்தியாச்சு.”

“துணை விமானியின் குரல்?”

அதையும் விமானிதான் நிறுத்த வேண்டும். விபத்து நடந்தால் விசாரணைக்கென்று கழற்றிக்கொண்டு போகும் குரலைத் திருப்பித் தருவதில்லை.

அதைக் கழற்ற வந்த ஆட்கள் வெளியே கதவைத் தட்டினார்கள்.

“துணை விமானியின் குரல்?” மறுபடியும் கேட்டாள்.

பதில் வரும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆல்வின் வாயை இறுக மூடிக்கொண்டான்.