லாரி சென்சார்

"குப்பைத் தொட்டியில போட்டாலும் போடுவேன், உனக்குத் தரமாட்டேன். போய்யா!"

எதிர் டீம் மெக்கானிக் பட்டாசு கத்திய கத்தலில் பந்தயத் தடத்தில் இருந்த அத்தனை ஷெட்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்ற அவருடைய முதலாளி மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார்.

சொன்னபடியே செய்தார் அந்த மனுஷன். கையிலிருந்த சென்சாரை ஒரு துணியில் சுருட்டி, வாசலில் இருந்த தொட்டியில் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பெயருக்கு ஏற்ற மெக்கானிக்!

அதைக் கேட்டு வந்த அண்ணனுக்கு முகம் செத்துப் போயிற்று. நீட்டிய கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு தன் ஷெட்டுக்குத் திரும்பினான்.

"என்னண்ணா, தந்தாரா?" ஹெல்மெட்டும் கையுமாகத் தங்கச்சி கேட்டாள்.

"தந்தான். நல்லா வயிறு நிறையத் தந்தான்!"

கார் ஓட்டுகிறவள் தங்கச்சி. மற்ற எல்லாமே அண்ணன். மெக்கானிக்கும் அவன், டயர் உருட்டுகிறவனும் அவன், லேப்டாப்பைப் பார்க்கிறவனும் அவன். போன வருஷம் ஓட்டத்தின் நடுவில் ஆயில் பிரஷர் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. இன்ஜின் கருகிப் போயிற்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இப்போதுதான் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். இதுவும் போனால் அவ்வளவுதான், கதை முடிந்தது. அதனால் லேப்டாப்பில் பிரஷர் கோடு ஓடாமல் வண்டி நகரக்கூடாது என்று அண்ணன் சத்தியமே பண்ணியிருந்தான்.

பந்தயக் காருக்கென்று விற்கிற ஆயில் பிரஷர் சென்சாரின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அண்ணன் விடவில்லையே! கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் லாரி உதிரிபாகக் கடையில் ஒன்றைப் பிடித்தான். அதே திருகு மரை, விலை பத்தில் ஒரு பங்கு. காற்றடிக்கிற கம்ப்ரெஸரில் மாட்டி, நல்ல மீட்டரோடு ஒப்பிட்டு, சென்சார் எவ்வளவு காட்டினால் எவ்வளவு பிரஷர் என்று லேப்டாப்புக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தான். அச்சுப் பிசகாமல் காட்டியது.

"வந்துட்டாங்கய்யா லாரி டீம்!" என்று அப்போது பட்டாசு சிரித்தார். சிரித்ததோடு விடாமல், எந்த லாரியுடையது, எந்தக் கடை என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டும் போனார்.

இன்று காலை அந்தச் சென்சார் செத்துவிட்டது. கைவசம் இருந்த இன்னொன்றை மாட்டும்போது, அண்ணன் அவசரத்தில் முறுக்கிய முறுக்கில் அது கழுத்தோடு முறிந்தது. இந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் வேறு.

"அவன் பெட்டியில நம்ம சென்சார் இருந்துச்சுடி. அதே லாரிது! நான் நாயா அலைஞ்சு கண்டுபிடிச்சதை அப்படியே காப்பியடிச்சிருக்கான். திருட்டுப்பய!"

"சரி, திட்டு. திட்டிக்கிட்டே போய் எடுத்துட்டு வா."

"எங்கேருந்து? குப்பைத் தொட்டியிலேருந்தா? எனக்கு மானம் ரோஷம் இல்லையா?"

"மானத்தை இன்ஜின்ல மாட்டினா பிரஷர் காட்டுமா? இருபது நிமிஷம்தான் இருக்கு. நீ போறியா, நான் போகட்டுமா?"

போனான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தொட்டிக்குள் கைவிட்டான். துணி மேலாகவே கிடந்தது. பிரித்தால், புத்தம் புதுச் சென்சார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. கம்ப்ரெஸரில் வைத்துப் பார்த்த கணக்கு, வரிசையாக எழுதியிருந்தது.

"பாரு, கணக்கு போடுற விதத்தைக்கூட விடலை!" என்று பல்லைக் கடித்தான் அண்ணன்.

"நீ தள்ளு. நானே முறுக்கறேன்," என்றாள் தங்கச்சி.

பச்சைக்கொடி விழுந்தது. ஏழாவது சுற்றில், நீண்ட வளைவில், கோடு சட்டென்று கீழே இறங்கியது. அண்ணனுக்கு உயிரே போய் உயிர் வந்தது.

"ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடு! வளைவுல காலை எடு!" ரேடியோவில் அலறினான்.

எடுத்தாள். கோடு ஏறியது. அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் மட்டும் பதமாக ஓட்டி, மற்ற இடத்தில் பிய்த்து உதறினாள். இன்ஜின் பிழைத்தது. கடைசிச் சுற்றில் பட்டாசின் வண்டியையும் தாண்டி மூன்றாவதாக வந்தாள். அந்த வண்டி நான்காவது.

கோப்பை கைக்கு வந்ததும் அண்ணனுக்கு ரெக்கை முளைத்துவிட்டது. நேராகப் பட்டாசின் ஷெட்டுக்குப் போனான். உள்ளே முதலாளி யாரையோ வறுத்தெடுத்துக் கொண்டிருந்தார். வெளியே, திறந்து கிடந்த வண்டிக்குப் பக்கத்தில் டயர்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், என் ஐடியாவைத் திருடியும் நாலாவதுதானா? லாரி சென்சார் உங்க வண்டிக்கு ஒத்துவரலையோ?"

டயர்காரர் விழித்தார். "எங்க வண்டியில அதை எங்க மாட்டுறது? மரையே வேற. நீங்களே பாருங்க."

அண்ணன் குனிந்து பார்த்தான். நிஜம்தான். அந்த ஓட்டைக்குள் லாரி சென்சார் நிற்கவே நிற்காது.

"பின்ன எதுக்கு வாங்கி வச்சிருந்தாரு?"

டயர்காரர் ஷெட்டின் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதா சொல்லிடாதீங்க. போன மாசம் பக்கத்து டீமுக்கு ஒரு ஸ்பானர் கொடுத்தவனை முதலாளி அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாரு. எங்க பட்டாசு அந்தச் சென்சாரை நாலு பந்தயமா பெட்டியில வச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. எதுக்குன்னு நானும் கேட்டேன். 'அந்தப் பொண்ணு நல்லா ஓட்டுதுய்யா. அண்ணன்காரன்தான் அவசரக்குடுக்கை, என்னிக்காவது முறுக்கி ஒடைச்சுடுவான். அன்னிக்கு வேணும்'னாரு."