தெரியாத தீ

தஞ்சாவூருக்கு வெளியே, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நீலாம்பாள் நிற்கிறாள். கீழ்வேளூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். நேற்றுவரை நடவு நட்ட சேறு நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால், வெயில் விழும் முற்றத்தில், சொம்பளவு ராக்கெட் என்ஜின் ஒன்றை இரும்புச் சட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள். விண்கலத்துக்காக அவள் மகள் தமிழ்நிலா செய்தது. ஹைட்ரஜனில் எரிய வேண்டியது. இதற்கு முன் இரண்டு முறை பற்றவேயில்லை. இன்றும் பற்றாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். தமிழ்நிலா விசையை அழுத்துகிறாள். பெரும் இரைச்சல் எழுகிறது, கண்ணாடி அதிர்கிறது, வேலியோரக் கொக்குகள் கூட்டமாக எழும்பிப் பறக்கின்றன. ஆனால் நெருப்பைக் காணோம். "என்னடி, பத்தலியா?" என்கிறாள் நீலாம்பாள். "பத்திடுச்சும்மா. ஹைட்ரஜன் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காத்தைப் பாரு." என்ஜின் வாய்க்கு முன்னால் காற்று நெளிகிறது, பின்னாலுள்ள பச்சை வயல் தண்ணீருக்குள் தெரிவதுபோல் ஆடுகிறது. ஆய்வை நடத்தும் பேராசிரியர் மாதங்கி கைதட்டத் தொடங்க, அறை முழுவதும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நிலா விசையிலிருந்து கையை எடுக்கிறாள். நீலாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியரிடம் திரும்புகிறாள். "எம் மவ மூட்டுன நெருப்புங்க" என்கிறாள், அவருக்குத் தெரியாததுபோல.