இடப்பக்கத்துப் படம்

மருத்துவர் விளக்கை அணைக்கிறார். திரையில் இரண்டு நுரையீரல் படங்கள் அருகருகே தெரிகின்றன. ஒன்று கணவனுடையது, மற்றது மனைவியுடையது. இருபது வருடமாக இருவரும் ஒரே ஷெட்டில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அவள் தூசி பறக்கத் தகரத்தைத் தேய்த்துக் கொடுப்பாள், அவர் ஸ்ப்ரே அடிப்பார். சிகரெட் அவருக்கு மட்டும்தான். அவருடைய மூச்சிரைப்புக்காகத்தான் வந்தார்கள். கூட வந்தவள் இருமுவதைக் கேட்ட மருத்துவர் அவளையும் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். இப்போது செயற்கை நுண்ணறிவு படங்களை அலசி, கெட்டுப்போன இடங்களில் சிவப்பு பூசிக்கொண்டு போகிறது. வலப்பக்கத்துப் படத்தில் பொட்டு வைத்ததுபோல் நாலைந்து இடங்கள். இடப்பக்கத்தில் சிவப்பு மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது தன்னுடையதுதான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்த உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறார். பக்கத்தில் அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

“சொன்னா கேட்டாத்தானே?” அவள் அவர் பக்கம் திரும்புகிறாள். “ஊதி ஊதி இந்தக் கதிக்கு ஆக்கி வச்சிருக்கீங்க.”

“விடு. செஞ்சவன் நான், அனுபவிக்கிறேன். எவ்வளவு போயிருக்கு டாக்டர்? மறைக்காம சொல்லுங்க.”

“முப்பத்தோரு சதவீதம்னு காட்டுது. நானும் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு.” மருத்துவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். “ஆனா அது உங்களோடது இல்ல. உங்க வீட்டம்மாவோடது.”

கணவர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுகிறார். ஆனால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“நான் ஒண்ணுமே பண்ணலையேங்க,” என்கிறாள் அவள், மருத்துவரிடம் அல்ல, அவரிடம்.